ஒரே ஒரு ஆல்பம்தான் என்றால், யூ.ஜி.கே.யில் எது?

அக்கா மகன் டெக்சாஸில், பியூமாண்ட் என்கிற ஊரில் லமார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். போன மாதம் பழைய கார் ஒன்று வாங்கினான். பெயின்ட் உரிந்த வண்டி. ஏசி நினைத்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் இல்லை. ஆனால் முன்னே வைத்திருந்த புண்ணியவான் டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை மாட்டி, கழற்ற மனமில்லாமல் அப்படியே விட்டுப் போயிருக்கிறார். அந்தப் பெட்டியில் இவன் இளையராஜா போட்டுப் பார்த்திருக்கிறான். கூடப் படிக்கும் உள்ளூர்ப் பையன் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஊர்ல இருந்துக்கிட்டு, இப்படி ஒரு பெட்டியும் வச்சுக்கிட்டு, யூ.ஜி.கே. கேட்காம இருக்கியே" என்று சிரித்தானாம். யூ.ஜி.கே. என்பது அந்தப் பக்கத்து ராப் ஜோடி.

ராத்திரி பதினொன்றரைக்கு எனக்கு போன். "மாமா, எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. லிஸ்ட் மட்டும் போடாதீங்க."

என்னைத் தெரிந்தவன். நான் லிஸ்ட் போடுகிற ஆள்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது, போனை வைத்த பிறகு தூக்கம் போனபோதுதான் புரிந்தது. அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்கத் தென்பகுதி ராப் பக்கம் போக நினைத்து, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் உதவலாம்.

முதலில் ஆட்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். யூ.ஜி.கே. என்றால் அண்டர்கிரவுண்ட் கிங்ஸ். இரண்டு பேர். பிம்ப் சி, இயற்பெயர் சாட் பட்லர். பன் பி, இயற்பெயர் பெர்னார்ட் ஃப்ரீமன். ஊர் போர்ட் ஆர்தர். பியூமாண்டிலிருந்து காரில் அரை மணி நேரம். 1901 ஜனவரியில் பியூமாண்டுக்குத் தெற்கே ஸ்பிண்டில்டாப் மேட்டில் எண்ணெய் பீறிட்டு அடித்தது. அதைச் சுத்திகரிக்கவும் கப்பலேற்றவும் வளர்ந்த துறைமுக ஊர்தான் போர்ட் ஆர்தர். இன்றைக்கும் ராத்திரியில் சுத்திகரிப்பு ஆலைகளின் உச்சியில் தீ எரிவது நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். பாடகி ஜானிஸ் ஜாப்ளின் பிறந்த ஊரும் இதுதான். ஹூஸ்டனுக்கும் லூசியானா எல்லைக்கும் நடுவே, இரண்டு பக்கத்துக் காற்றையும் வாங்கிக்கொண்டு கிடக்கும் ஊர்.

இருவரும் எண்பதுகளின் கடைசியில் சேர்ந்தார்கள். 1992இல் ஹூஸ்டனின் சிறிய லேபிள் (இசைக் கம்பெனி) ஒன்று அவர்களுடைய கேசட்டை வெளியிட்டது. அது கைமாறிக் கைமாறிப் பரவ, அதே வருடம் ஜைவ் கம்பெனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. ஜைவ் சின்னக் கம்பெனி இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இருவர் 1981இல் தொடங்கியது. எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்டும் டூ ஷார்ட்டும் அங்கேதான் இருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் பிரிட்னி ஸ்பியர்ஸ், பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் என்று உலகமே அந்தக் கம்பெனிப் பாட்டை முணுமுணுத்தது.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். "பழைய ஆல்பம் அசல் அண்டர்கிரவுண்ட், 2007 ஆல்பம் பெரிய கம்பெனிக்காகப் போட்டது" என்று ஒரு கோடு கிழித்துவிட்டு, அந்தக் கோட்டை வைத்தே எதை வாங்குவது என்று முடிவு செய்கிறார்கள். யூ.ஜி.கே.யின் ஸ்டுடியோ ஆல்பம் ஆறு. ஆறும் ஜைவ்தான். பேரில்தான் அண்டர்கிரவுண்ட், சம்பளச் சீட்டு எப்போதும் மெயின்ஸ்ட்ரீமிலிருந்தே வந்தது. ஆக, கம்பெனியை வைத்துப் பிரிக்க முடியாது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. 1996இல் அவர்கள் தங்கள் ஊர்க்காரர்களிடம் பேசினார்கள். 2007இல் ஊருக்கு வந்துவிட்ட விருந்தாளிகளிடம் பேசினார்கள். எது வேண்டும் என்பது, கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

நான் வடிகட்டியதில் மூன்று மிஞ்சின. 1996இல் வந்த ‘ரைடின் டர்ட்டி’, 2007இல் வந்த இரட்டை ஆல்பம் ‘அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்’, இரண்டுக்கும் வெளியே மெம்ஃபிஸ் இரட்டையர் எய்ட்பால் அண்ட் எம்.ஜே.ஜி. 2004இல் போட்ட ‘லிவிங் லெஜெண்ட்ஸ்’. மூன்றாவது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

‘ரைடின் டர்ட்டி’ 1996 ஜூலை 30இல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் நியூயார்க்கில் ஒரு விருது விழாவில் அட்லாண்டாவின் ராப் ஜோடி அவுட்காஸ்ட் இருவரும் பரிசு வாங்க மேடையேறியபோது, கூட்டம் கூச்சல் போட்டு அவமானப்படுத்தியது. தெற்கத்திக்காரர்களிடமும் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது என்று அந்த இருவரில் ஒருவரான ஆண்ட்ரே மேடையிலேயே சொல்லிவிட்டு இறங்கினார். அதுதான் அன்றைய நிலைமை. நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று இரண்டே ஊர். மற்றதெல்லாம் பட்டிக்காடு. இந்த ஆல்பத்துக்கு ஜைவ் ஒரு வீடியோகூட எடுக்கவில்லை. கடைக்கு வந்த சிங்கிளும் (தனியாக விற்கும் ஒற்றைப் பாட்டு) கிடையாது. அப்படியிருந்தும் அமெரிக்க இசை விற்பனைப் பட்டியல் போடும் பில்போர்டின் பொதுப் பட்டியலில் 15ஆம் இடம், ஆர் அண்ட் பி பட்டியலில் 2ஆம் இடம். பிறகு 5 லட்சம் பிரதிகளுக்கான கோல்டு சான்றிதழ். விளம்பரமே இல்லாமல், கார் கார் ஆகப் பரவிய ஆல்பம்.

பாட்டுக்கு வருவோம். முதலில் வருவது பாட்டில்லை, சிறையிலிருந்து ஒரு குரல். அது ஆல்பம் முழுக்க நடுநடுவே திரும்பி வரும். அடுத்து ‘ஒன் டே’. ஐஸ்லி பிரதர்ஸின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த மெட்டு. மெதுவாக, நெஞ்சில் கை வைத்து அழுத்துகிற மாதிரியான பேஸ். ஒரு விருந்தாளியையும் சேர்த்து மூன்று பேர் பாடுகிறார்கள். மூன்றாவதாக வருவது பிம்ப் சி. வீடு தீப்பிடித்து நண்பனின் குழந்தை இறந்துவிட்டது என்கிறார். அன்று ராத்திரி முழங்கால் போட்டு ஜெபித்தேன், கொலைகாரர்களை எல்லாம் உயிரோடு விட்டுவிட்டு அந்தப் பிள்ளையை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று ஆண்டவனைக் கேட்டேன் என்கிறார். குரலை உயர்த்தவில்லை. அதே மூக்கு இழுவை, அதே நிதானம். நம் ஊர் எழவு வீட்டு வாசலில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் இப்படித்தான் பேசுவார். முதல் தடவை கேட்டபோது, பிம்ப் (விபச்சாரத் தரகர்) என்று பேர் வைத்துக்கொண்டவரிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த பாட்டு ‘மர்டர்’ நேர் எதிர். அதில் பன் பி மூச்சே விடாமல் அடுக்கும் வரிகளை ராப் தெரிந்தவர்கள் இன்றும் பாடம் போல வைத்திருக்கிறார்கள். இந்த ஜோடியின் சூத்திரமே இதுதான். பன் பியின் குரல் கனமானது, அசை அசையாகச் செங்கல் அடுக்குவது போல. பிம்ப் சியின் குரல் மேலே மிதந்து, இழுத்து, கிண்டலாக வரும். மிருதங்கமும் கஞ்சிராவும் தனியில் மாற்றி மாற்றிப் பேசிக்கொள்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும்.

இசையில் பெரும்பங்கு பிம்ப் சியுடையது, கூடவே நியூ ஆர்லியன்ஸ்காரரான என்.ஓ. ஜோ. பிம்ப் சியின் அப்பா ட்ரம்பெட் வாசித்தவர். பிள்ளை பள்ளிக்கூடத்தில் பாடகர் குழுவில் நின்று முறையாகப் பாடப் பழகியவன். அதனால் மேற்கத்தியச் சங்கீதமும் தெரியும், தேவாலய ஆர்கனும் தெரியும். தான் செய்வதை ஹிப் ஹாப் என்று சொல்ல அவருக்கு இஷ்டமில்லை. ‘கன்ட்ரி ராப் ட்யூன்ஸ்’ என்று பேர் வைத்தார். நம் பாஷையில் பட்டிக்காட்டு ராப் மெட்டுகள். பட்டிக்காடு என்ற வசவையே மார்பில் குத்திக்கொள்கிற வீம்பு. ‘டைமண்ட்ஸ் அண்ட் வுட்’ கேட்டால் அந்தப் பேருக்கு அர்த்தம் தெரியும். அதில் வரும் மரம், காரின் ஸ்டியரிங்குக்குப் போட்ட மரவேலைப்பாடு.

கார் பற்றிச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைச் சொல்ல முடியாது. ஹூஸ்டன் பக்கம் ‘ஸ்லாப்’ என்று ஒரு கார் மோகம் உண்டு. பழைய காடிலாக் மாதிரி நீளமான வண்டி. மிட்டாய் போல மினுமினுக்கும் பெயின்ட். டயருக்கு வெளியே முழங்கை நீட்டினாற்போல் துருத்திக்கொண்டு நிற்கும் கம்பிச் சக்கரங்கள். வண்டி வேகமாகப் போகாது, போகவும் கூடாது. ஊர்வலத் தேர் மாதிரி அசைந்து வர வேண்டும், அதற்குத் தகுந்த பாட்டு டிக்கியில் முழங்க வேண்டும். அதே ஹூஸ்டனில் டி.ஜே. ஸ்க்ரூ என்பவர் பாட்டுகளை வேகம் குறைத்து, குரல் கூழாக வழியும்படி கேசட்டில் பதிந்து விற்றார். அவர் 2000இல் இறந்துபோனார். அந்தத் தாமதத்தின் ருசி ‘ரைடின் டர்ட்டி’ முழுக்க இருக்கிறது. இதை இயர்போனில் கேட்டால் பாதிதான் கேட்கும். மீதிப் பாதி முதுகெலும்பில் கேட்க வேண்டியது.

மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். தூக்கி எறிய வேண்டிய பாட்டு என்று எனக்கு ஒன்றுகூடத் தோன்றவில்லை. குறை என்று பார்த்தால், கதவு திறந்திருக்காது. யாரும் எதையும் விளக்க மாட்டார்கள். ‘ட்ரில்’ என்றால் என்ன (ட்ரூவும் ரியலும் சேர்ந்த உள்ளூர்ச் சொல்), எந்தத் தெரு, எந்த வண்டி என்பதெல்லாம் தெரிந்தவன் வந்தால் வா, இல்லையென்றால் போ என்கிற தோரணை. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த நமக்கே, அந்த இழுவையில் முதல் பத்து தடவை பாதி வார்த்தை நழுவிப் போகும்.

இதற்கும் 2007க்கும் நடுவே நடந்தது ஒரு தனிக் கதை. 2000இல் சிங்கிளாக வந்த, நியூயார்க் ராப்பர் ஜே-ஸீயின் ‘பிக் பிம்பின்’ பாட்டில் இருவரும் பாடினார்கள். எகிப்தின் அப்தெல் ஹலீம் ஹஃபேஸ் பாட்டிலிருந்து இசையமைப்பாளர் டிம்பலாண்ட் எடுத்த புல்லாங்குழலுக்கு உலகமே ஆடியது. நானும் யூ.ஜி.கே.யை முதலில் கேட்டது அதில்தான். பிம்ப் சிக்கு அந்தப் பாட்டே பிடிக்கவில்லை. நிறையப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு எட்டே பார் (தாளச் சுற்று) மட்டும் பாடிக் கொடுத்தார். வீடியோவுக்கு எல்லோரும் ட்ரினிடாட் கார்னிவலுக்குப் போனார்கள். இவர் போகவில்லை. மயாமியில் எடுத்துக்கொள்ளச் சொல்லி, அந்த வெயிலில் மயிர்க்கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். டி.வி.யில் வெயில் தெரியவா போகிறது என்பது அவர் கணக்கு.

அந்தப் புகழ் கைக்கு வந்த நேரத்தில் அவர் ஜெயிலுக்குப் போனார். மால் ஒன்றில் நடந்த தகராறு வழக்கு, அதைத் தொடர்ந்த நன்னடத்தை விதிமீறல், எட்டு வருடத் தண்டனை. 2002இல் உள்ளே போனவர் 2005 டிசம்பர் 30இல் வெளியே வந்தார். அந்த நான்கு வருடமும் பன் பி யார் கூப்பிட்டாலும் போய்ப் பாடினார். பாடிய இடமெல்லாம் ‘ஃப்ரீ பிம்ப் சி’ என்று சொல்லிவிட்டு வந்தார். தனி ஆல்பம் போட்டபோதும் கூட்டாளியின் பேரை விடவில்லை. தெற்கத்தி ராப் அமெரிக்காவையே பிடித்தது அந்த நான்கு வருடத்தில்தான். ஹூஸ்டன் ராப்பர்கள் நாடு முழுக்க விற்றார்கள். ஜெயிலுக்குப் போகும்போது பட்டிக்காடாக இருந்தது, திரும்பி வரும்போது தலைநகரம்.

2007 ஆகஸ்ட் 7. பல தடவை தள்ளிப்போன பிறகு ‘அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்’. இரண்டு வட்டு. கூடுதல் பாட்டுகளையும் சேர்த்தால் 29. முதல் வாரமே சுமார் 1,60,000 பிரதிகள் விற்று பில்போர்டில் நேராக முதலிடம். சேர்ந்து இருபது வருடம், முதல் ஆல்பம் வந்து பதினைந்து வருடம் கழித்து முதல் தடவையாக முதலிடம்.

இதன் வாசற்கதவு முதல் வட்டின் இரண்டாவது பாட்டு, ‘இன்டர்நேஷனல் ப்ளேயர்ஸ் ஆன்தம்’. வில்லி ஹட்ச் 1973இல் ஒரு படத்துக்குப் பாடிய காதல் பாட்டு அடியில் ஓடுகிறது. உன்னைத் தேர்ந்தெடுத்தேன் என்று அந்த மனிதர் உருகிக்கொண்டே இருக்க, அவுட்காஸ்ட்டின் ஆண்ட்ரே உள்ளே வருகிறார். ட்ரம்ஸ் இல்லை. ஒரு தட்டுகூட இல்லை. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் பழைய சிநேகிதிகளுக்குச் சேதி சொல்கிற மாதிரி, தாளமே இல்லாத வெளியில் நடந்துகொண்டே இருக்கிறார். கச்சேரியில் விருத்தம் பாடுகிறபோது மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த நிலை. அவர் முடித்ததும் பிம்ப் சி வாயைத் திறக்கிறார், கூடவே ட்ரம்ஸ் இடிந்து விழுகிறது. அந்த ஒரு நொடிக்காகவே டிக்கியில் ஸ்பீக்கர் வைக்கலாம். பிறகு பன் பி, கடைசியில் அவுட்காஸ்ட்டின் இன்னொருவர் பிக் பாய். நாலு பேர், நாலு சுபாவம். கிராமி பரிந்துரை வரை போனது.

இதில் ஒரு வேடிக்கை. ஆல்பம் வருவதற்குச் சற்று முன், பிம்ப் சி ஒரு பத்திரிகையில் அட்லாண்டா தெற்கே கிடையாது என்று சண்டைக்கு இழுத்திருந்தார். அவருடைய ஆல்பத்தின் மிகச் சிறந்த பாட்டைத் தொடங்குவதும் முடிப்பதும் அட்லாண்டாக்காரர்கள்.

‘அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்’ ஒரு கல்யாண வீடு. பிக் டாடி கேன், கூல் ஜி ராப், மார்லி மார்ல் என்று எண்பதுகளின் நியூயார்க் பெரியவர்கள் ஒரு பாட்டில். லண்டனிலிருந்து டிஸி ராஸ்கல் ஒரு பாட்டில். டாலிப் க்வெலி, ரிக் ராஸ், டூ ஷார்ட், சார்லி வில்சன். ஹூஸ்டனின் ஸ்கார்ஃபேஸ் வருகிற பாட்டின் பேரே ‘ஸ்டில் ரைடின் டர்ட்டி’. 1996ஐத் தெரியாதவனுக்கு அந்தத் தலைப்பு வெறும் தலைப்பு. தெரிந்தவனுக்கு, பழைய வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். ‘க்விட் ஹேட்டிங் தி சவுத்’ போன்ற பாட்டுகளில் பழைய கணக்கெல்லாம் தீர்க்கிறார்கள். யார் கூச்சல் போட்டார்கள், யார் சிரித்தார்கள் என்று எல்லாமே ஞாபகம் இருக்கிறது.

கல்யாண வீட்டுக்கு உள்ள குறையும் உண்டு. பந்தி முடியவே மாட்டேன் என்கிறது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். இரண்டாம் வட்டின் நடுவில் நான் பல தடவை அடுத்த பாட்டுக்குத் தாவியிருக்கிறேன். ரேடியோவை நினைத்துச் செய்த சில மெட்டுகள் அன்றைக்கே பழசாகத்தான் இருந்தன. பாதியைக் குறைத்து ஒரே வட்டாகப் போட்டிருந்தால் ‘ரைடின் டர்ட்டி’க்குப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன். ஆனால் நான்கு வருடம் வாயைக் கட்டிப் போட்டிருந்தவரிடம் சுருக்கமாகப் பேசு என்று யார் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது, கேட்கும்போது தவிர்க்க முடியாதது. ஆல்பம் வந்து நான்கே மாதத்தில், 2007 டிசம்பர் 4இல், வெஸ்ட் ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டல் அறையில் பிம்ப் சி இறந்து கிடந்தார். வயது 33. கோடீன் கலந்த இருமல் மருந்தும், தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் வியாதியும் சேர்ந்த விபத்து என்றார்கள். ஹூஸ்டன் ராப்பில் அந்த மருந்தைப் போதைக்குக் குடிப்பதைப் பற்றிப் பாடாத ஆள் இல்லை, இவர்கள் உட்பட. அந்த வரிகளை இப்போது முன்போலக் கேட்க முடிவதில்லை.

இனி ‘லிவிங் லெஜெண்ட்ஸ்’. இதை ஏன் சேர்த்தேன் என்றால், "யூ.ஜி.கே. மாதிரிதானே அவங்களும், அந்த ஆல்பம்தான் ஈசியா இருக்கும்" என்று பலரும் கைகாட்டுவது இதைத்தான். எய்ட்பாலும் எம்.ஜே.ஜி.யும் மெம்ஃபிஸின் ஆரஞ்ச் மவுண்ட்காரர்கள். 1993இலிருந்து ஹூஸ்டனின் ஸ்வேவ் ஹவுஸ் லேபிளில் போட்டு, தெற்கே பெரிய பேர் வாங்கியவர்கள். 2004இல் நியூயார்க்கின் பேட் பாய் கம்பெனி, பேட் பாய் சவுத் என்று கிளை விரித்து இவர்களை வளைத்தது. ஆல்பம் மூன்றாம் இடத்தில் நுழைந்தது. கோல்டும் கிடைத்தது. டி.ஐ., ட்விஸ்டா எல்லாம் விருந்தினர்கள். கேட்க வழவழவென்று இருக்கும், எங்கும் இடிக்காது. எனக்கு அதுதான் பிரச்சினை. ஜைவ் யூ.ஜி.கே. இருவரையும் கண்டுகொள்ளாமல் விட்டது. அந்த அலட்சியமே அவர்களுக்கு நல்லதாகப் போனது, ஊர் வாசனை அப்படியே தங்கியது. பேட் பாய் எய்ட்பாலையும் எம்.ஜே.ஜி.யையும் அன்போடு தலைவாரிப் பவுடர் போட்டு அனுப்பியது. எய்ட்பாலின் குரலில் இருக்கும் வெல்லப்பாகு எந்தக் கம்பெனியிலும் கெடாது, அது வேறு விஷயம். இவர்களைக் கேட்க ஆசைப்பட்டால் 1995இன் ‘ஆன் டாப் ஆஃப் தி வேர்ல்டு’க்குப் போங்கள். 2004க்கு முதலில் போக வேண்டாம்.

யூ.ஜி.கே.யின் மற்ற நான்கையும் ஏன் சேர்க்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு ஆல்பங்களிலும் ஆள் உருவாகிக்கொண்டிருக்கிறான், பின்னால் தேடிப் போய்க் கேட்க வேண்டியவை. 2001இன் ‘டர்ட்டி மணி’யில் கவனம் சிதறிக் கிடக்கிறது. 2009இன் ‘யூ.ஜி.கே. ஃபார் லைஃப்’ கூட்டாளி போன பிறகு பன் பி முடித்துக் கொடுத்தது. நல்ல ஆல்பம்தான், ஆனால் ஒருவரைச் சந்திக்காமலே அவர் காரியத்துக்குப் போக முடியாது.

வாங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மூன்று ஆல்பத்திலும் பெண்களைப் பற்றிய பேச்சு கூசும்படி இருக்கும். போதை வியாபாரம், துப்பாக்கி எல்லாம் சாதாரணமாக வந்து போகும். பாட்டுத் தலைப்பிலேயே கெட்ட வார்த்தை இருக்கும். அது அந்தக் காலம், அந்த ஊர் என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. சில பாட்டுகளை நான் இப்போதும் தாண்டித்தான் போகிறேன். வீட்டில் ஹாலில் போட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

சரி, முடிவு. இந்தப் பக்கமே வராதவர், சென்னையிலோ கோவையிலோ பஸ்ஸில் போனைக் காதில் வைத்துக் கேட்கிறவர் என்றால், என் ஓட்டு ‘அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்’ முதல் வட்டுக்கு. விஷயம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் அடிக்க வருவார்கள். 1996ஐ விட்டுவிட்டு 2007ஆ என்பார்கள். ஆனால் விருந்தாளிகளுக்காகச் சமைத்தது அது. பல குரல், பல ஊர், பல வேகம். ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்று பிடிக்கும். இயர்போனிலும் நிற்கும். ஒரு மாதம் அதில் இருந்துவிட்டு, ஸ்கார்ஃபேஸ் பாட்டின் தலைப்பைப் பார்த்து "அப்படின்னா என்ன?" என்று கேட்கிற அன்று 1996க்குப் போகலாம். இரண்டாம் வட்டை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகன் கணக்கு வேறு. அவன் விருந்தாளி இல்லை, குடியிருக்கிறவன். காரில் அரை மணி நேரத்தில் அந்த ஊர். இங்கிலீஷ் இழுவை அவனுக்குத் தினமும் பெட்ரோல் பங்க்கில் காதில் விழுவது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த டிக்கிப் பெட்டி. அவனுக்கு வேறு எதையும் சொன்னால் பாவம். காலையில் மெசேஜ் போட்டேன்: "ரைடின் டர்ட்டி. போனில் கேட்காதே. ராத்திரி காரில் போட்டு, போர்ட் ஆர்தர் வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போ. நடுவில் பாட்டை மாற்றாதே."

சனிக்கிழமை காலை அவனுடைய வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. அங்கே வெள்ளி ராத்திரி. பின்னணியில் ‘ஒன் டே’ ஓடுகிறது. இன்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்கிறது. எங்கோ ஓரமாக நிறுத்தியிருக்கிறான் போல. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாமா, அந்தக் குழந்தை விஷயம் நெஜமா?" என்று கேட்டான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம், பின்னாடி நம்பர் பிளேட் கடகடன்னு ஆடுது. ஸ்க்ரூவை டைட் பண்ணணுமா, இல்ல இப்படித்தான் ஆடணுமா?"

இப்படித்தான் ஆடணும் என்று பதில் போட்டேன்.